கார் பாடியில் துரு ஓட்டை: நாமே அடைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து ஆண்டு முடிந்ததும் சிஓஇ-யை (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை) புதுப்பித்து அதே காரை ஓட்டுகிறவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். எஞ்சின் நன்றாகவே இருக்கும். ஆனால் பின்சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் கொப்பளித்திருக்கும், விரலால் அழுத்தினால் தகரம் உள்ளே போகும். அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இங்கே பனியும் இல்லை, சாலையில் உப்பும் தூவுவதில்லை. அப்புறம் ஏன் கார் துருப்பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க உப்பு கட்டாயம் இல்லை. நீரும் காற்றும் போதும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே வெறும் இரும்பில் துரு வேகமெடுக்கும். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. மழை இல்லாத நாள்களில் பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்குகிறது. பெயிண்ட் உரிந்த இடத்துக்கு இங்கே ஓய்வே கிடையாது. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் நிற்கும் கார்களுக்குக் காற்றோடு வரும் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் ஓட்டை விழும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை நீர் தேங்கும் இடங்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவற்றைத் தூசியும் மண்ணும் அடைத்துவிடும். மரத்தடியில் நிறுத்தும் கார்களில் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் சருகு மக்கிக் கிடக்கும். பூட் ரப்பர் தளர்ந்தால் ஸ்பேர் டயர் குழியில் நீர் நிற்கும். ஏர்கான் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் முன்பக்கக் காலடிக் கம்பளம் நனைந்து, அடியில் தரைத் தகரம் மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடக்கும். எப்போதும் ஏர்கான் போட்டே ஓட்டும் ஊர் இது. இந்தக் கடைசிக் காரணத்தை முதலில் பாருங்கள். நீர் வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் ஓட்டையை அடைத்தால், அதன் பக்கத்தில் இன்னொன்று விழும்.

எந்த ஓட்டையை நானே அடைக்கலாம்? எதைத் தொடக்கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காரின் தகரத்தில் தோலும் உண்டு, எலும்பும் உண்டு. மட்கார்டு, கதவின் வெளித்தகடு, பானெட், பூட் மூடி, பின்சக்கர வளைவின் வெளிவிளிம்பு ஆகியவை தோல். இவற்றின் தகரம் பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன்தான். இங்கே விழும் ஓட்டையை வெல்டிங் இல்லாமல் ஒட்டி அடைக்கலாம். அழகாக வராமல் போகலாம், ஆனால் ஆபத்து இல்லை.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், தரை, கதவுத் தூண்கள், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், சீட் பெல்ட் திருகிய இடம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவை எலும்பு. மோதலில் உங்களைக் காப்பாற்றுவது இவைதான். பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனையில் ஒரு விதி இருக்கிறது: சீட் பெல்ட், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக் ஆகியவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் சுமை தாங்கும் பகுதி துருவில் பலவீனமாகியிருந்தால் கார் தேறாது, அங்கே பட்டியோ (பள்ளத்தை நிரப்பப் பூசி இறுகவிடும் கலவை) ஃபைபர் கிளாஸோ வைத்து மூடியதையும் பழுதுபார்ப்பாக ஏற்கமாட்டார்கள். அந்த 30 சென்டிமீட்டரை நீங்களும் கணக்காக வைத்துக்கொள்ளலாம். அந்த எல்லைக்குள் ஓட்டை இருந்தால் வெல்டிங் தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை சொல்வதில்லை.

எது எது என்று குழப்பமாக இருந்தால் மொட்டையான ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிலும் குத்திப் பாருங்கள். ஓட்டை தோலில் தொடங்கி, குத்தக் குத்த சில்லுக்குள் போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல்மாடிக் கார் நிறுத்துமிடத்தில் செய்யலாமா?

கூடாது. அது வண்டி நிறுத்தும் இடம். கிரைண்டர் பொறியும் பட்டித் தூசியும் பக்கத்துக் கார்களின் மேல் விழும். தரை வீட்டின் கார் போர்ச் இருந்தால் செய்யலாம். உறவினர், நண்பர் வீட்டுப் போர்ச்சாக இருந்தால் அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பகலில் செய்யுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் தெரிந்த பட்டறைக்காரரிடம் ஒரு மூலையைக் கேட்டுப் பாருங்கள். வடிதுளையைச் சுத்தம் செய்வது, ஸ்பேர் டயர் குழியைத் துடைத்து உலர்த்துவது போன்ற வேலைகளை மட்டும் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம்.

ஓட்டை இருபது காசு அளவுதான். எவ்வளவு வெட்ட வேண்டும்?

பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை. துரு பெரும்பாலும் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே வருகிறது. வெளியே இருபது காசு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு அரித்திருக்கலாம். 80 எண் உப்புத்தாளாலோ கம்பிச் சக்கரத்தாலோ பெயிண்ட்டைச் சுற்றிலும் தாராளமாக எடுங்கள். கருப்புப் புள்ளிகள் தெரியும் இடம், தட்டினால் மந்தமாக ஒலிக்கும் இடம், அழுத்தினால் நெளியும் இடம் எல்லாவற்றையும் தகரக் கத்தரியால் வெட்டி எறியுங்கள். ஓட்டை பெரிதாகப் பெரிதாக மனம் பதறும். பரவாயில்லை. வேலை எத்தனை காலம் நிற்கும் என்பது இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வெட்டிய ஓட்டையின் மூலைகளை உருட்டிவிடுங்கள். கூரான மூலையில் பின்னால் விரிசல் வரும். வெட்டுவதற்கு முன் அந்தத் தகட்டுக்குப் பின்னால் வயர், எரிபொருள் குழாய், பிரேக் குழாய் ஏதாவது ஓடுகிறதா என்று உள்பக்க மூடியைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம்.

நேராகப் பட்டி போட்டு நிரப்பிவிட்டால் என்ன?

சாதாரண பாலியெஸ்டர் பட்டி கடற்பாசி மாதிரி ஈரத்தை உறிஞ்சும். பின்னால் தாங்க எதுவும் இல்லாமல் ஓட்டையில் நிரப்பினால், உள்பக்கத்திலிருந்து நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதன் விளிம்பில் துரு மறுபடி கிளம்பும். இங்குள்ள ஈரத்தில் அதற்கு நெடுநாள் ஆகாது. பட்டி என்பது மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் பொருள், அவ்வளவுதான். தேய்த்து முடித்தபின் அதன் தடிமன் 3 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைப் பின்சக்கர வளைவிலும் கதவின் அடியிலும் ஒட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பிடிப்பு விட்டுப்போனால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. அலுமினிய பானெட் உள்ள கார்களில் இந்தச் சோதனை அந்தப் பகுதிக்குப் பொருந்தாது.

வெல்டிங் இல்லாமல் தகரத் துண்டு ஒட்டுவது எப்படி?

தேவையானவை: 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, கார் பாடிக்கென்று விற்கும் இரண்டு பாகப் பசை அல்லது உலோகத்துக்கான மெதுவாக இறுகும் எப்பாக்சி, எப்பாக்சி ப்ரைமர் (பெயிண்ட்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு), ஃபைபர் கலந்த பட்டி, மெல்லிய பட்டி, 80 முதல் 600 வரை உப்புத்தாள், துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால், கையுறை, கண்ணாடி, தூசிக்கான முகக்கவசம். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் பெரும்பாலானவற்றை வாங்கிவிடலாம்.

ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் பெரிதாகத் தகட்டை வெட்டுங்கள். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்தால் தகடு வீணாகாது. சக்கர வளைவாக இருந்தால் தகட்டைக் குழாயின் மேல் வைத்துக் கையால் வளைத்து அதே வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே அவசரம் கூடாது. தகடு தானாகவே பதிந்து உட்கார வேண்டும். பசையின் பலத்தில் இழுத்துப் பிடித்து வைத்தால் வெயிலில் சூடேறிக் குளிரும்போது ஒரு நாள் விட்டுவிடும்.

துண்டை உள்பக்கமாக வைப்பது நல்லது. வெளியிலிருந்து பார்த்தால் மேடு தெரியாது, பட்டியும் குறைவாகவே தேவைப்படும். பின்னால் கை போகாத இடமா? ஓட்டையை நீள்வட்டமாக வெட்டிக்கொண்டால் துண்டைச் சாய்த்து உள்ளே நுழைத்துவிடலாம். நுழைப்பதற்கு முன் துண்டின் நடுவில் இரண்டு துளை போட்டு ஒரு கம்பியைக் கோத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கம்பியை வெளியே இழுத்து, ஓட்டையின் குறுக்கே வைத்த குச்சியில் முறுக்கிக் கட்டினால் பசை இறுகும்வரை துண்டு அசையாது. பெரிய துண்டாக இருந்தால் ஓரங்களில் தகரத் திருகுகளால் இறுக்கிவிட்டு, பசை காய்ந்தபின் திருகைக் கழற்றி அந்தத் துளைகளை எப்பாக்சியால் அடைக்கலாம்.

ஒட்டும் இரண்டு பரப்புகளையும் 80 எண் தாளால் வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். துடைத்த இடத்தை அதன் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். இங்கே வியர்வை இல்லாத கை கிடையாது. பசையை இரண்டு பக்கமும் பூசுங்கள். ஓரிடத்திலும் வெறும் இரும்பு தெரியக்கூடாது, ஏனென்றால் அங்கே துருவைத் தடுக்கப்போவதும் இந்தப் பசைதான். பசை முழுக்க வெளியே பிதுங்கும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. ஓரங்களில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும். அப்புறம் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.

மறுநாள் மேலே எப்பாக்சி ப்ரைமர் அடித்து, காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, பள்ளத்தில் முதலில் ஃபைபர் பட்டி, அதற்கு மேல் மெல்லிய பட்டி. 80, 180, 320 என்று படிப்படியாகத் தேய்த்து வாருங்கள். தேய்க்கும்போது தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். பளபளப்பு வந்தபிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

வெளிப்பக்கம் முடிந்ததும் மறக்கப்படுவது உள்பக்கம். நீளமான குழல் உள்ள ஸ்ப்ரே மெழுகை உள்ளே அடித்து, ஒட்டுப்போட்ட இடம் முழுக்க நனையவிடுங்கள். பெயிண்ட் முழுவதும் காய்ந்தபிறகே இதைச் செய்யுங்கள். மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள்.

குளிர்பானக் கேனை வெட்டி ஒட்டலாமா?

வேண்டாம். அது அலுமினியம். இரும்போடு ஒட்டி, நடுவில் உப்புள்ள ஈரம் புகுந்தால் இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். அதோடு அது வளைவைத் தாங்காத அளவுக்கு மெல்லியது. ஒரு இரும்புத் தகட்டின் விலை பெரிய தொகை இல்லை.

பட்டியைக் கலந்த உடனே கல்லாகிவிடுகிறது. பொருள் மோசமா?

பொருளில் குறை இல்லை, நம் வெயில்தான் காரணம். டின்னில் எழுதியிருக்கும் நேரம் பொதுவாக 20 பாகை செல்சியஸை ஒட்டியது. இங்கே நிழலிலேயே 31, 32 பாகை. வெயிலில் நின்ற தகடு தொட முடியாமல் சுடும். பட்டியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் எடையில் சுமார் 2 விழுக்காடு, அதாவது 50 பங்கு பட்டிக்கு ஒரு பங்கு. அதைக் கூட்டினால் நேரம் இன்னும் சுருங்கும், பெயிண்ட்டில் கறையும் வரலாம். நேரம் போதவில்லை என்று அளவுக்கு மீறிக் குறைத்தால் அடியில் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். அதனால் அளவில் கை வைக்காமல், ஒரு தடவைக்குக் கோலிக்குண்டு பெரிதாக மட்டும் கலக்குங்கள். காரை நிழலில் நிறுத்தித் தகடு ஆறியபிறகு காலை வேளையில் போடுங்கள். இறுக ஆரம்பித்த பட்டியைத் தின்னர் ஊற்றி இளக்குவது வேண்டவே வேண்டாம்.

துருவைக் கருப்பாக மாற்றும் மருந்து பூசினால் போதாதா?

அந்த மருந்தில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். மேலோட்டமான துருவை அது நிலையான பூச்சாக மாற்றும். வெட்ட முடியாத மூலைகளில், இரண்டு தகடு சேரும் மடிப்புகளில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் செதில் செதிலாக உரியும் துருவின் அடிவரை அது இறங்காது. காணாமல் போன தகரத்தைத் திருப்பித் தரவும் செய்யாது. இன்னொன்று: அமிலம் மிச்சம் இருக்கும் பரப்பில் பாலியெஸ்டர் பட்டி சரியாகப் பிடிக்காது. டின்னில் சொன்னபடி கழுவி உலர்த்தி, எப்பாக்சி ப்ரைமர் அடித்தபிறகே பட்டி.

பெயிண்ட்டை எந்த நேரத்தில் அடிப்பது? நிறம் ஒத்துப்போகுமா?

காலை பத்து மணியிலிருந்து பிற்பகல்வரை, மழை அறிகுறி இல்லாத நாளில், நிழலில். விடியற்காலையிலும் மழைக்குப் பின்னும் அடித்தால் காற்றின் ஈரம் பெயிண்ட்டில் சிக்கி, பால் ஊற்றியது போல் வெளிறிவிடும். நவம்பர் முதல் ஜனவரிவரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெயிண்ட் வேலையை ஒத்திப்போடுவது நல்லது. அதுவரை ப்ரைமர் அடித்து விடலாம் என்றால், எப்பாக்சி ப்ரைமர் மட்டும் ஈரத்தைத் தாங்கும். சாதாரணச் சாம்பல் ப்ரைமர் தாங்காது.

நிறக் குறியீடு பெரும்பாலும் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும். குறியீடு சரியாக இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வெயில் பார்த்த நிறத்தோடு அப்படியே சேராது. வெள்ளையிலும் கருப்பிலும் ஓரளவு மறைந்துவிடும். வெள்ளி நிற மெட்டாலிக்கில் கட்டாயம் தெரியும். மெட்டாலிக் காராக இருந்தால் தகர வேலையை நீங்கள் முடித்துவிட்டு, பெயிண்ட்டை மட்டும் கடையில் கொடுங்கள் என்பதே என் யோசனை. இன்னொரு காரணமும் உண்டு. கடைக்காரர்கள் அடிக்கும் இரண்டு பாகக் கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற) பூச்சின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை மூச்சில் இழுத்தால் ஆயுளுக்கும் ஆஸ்துமா வரலாம். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் கருவியோடுதான் அதை அடிக்க வேண்டும். வீட்டில் அடிப்பதாக இருந்தால் ஒரு பாக ஸ்ப்ரே டின்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும்.

வீட்டிலேயே வெல்டிங் செய்து பழகலாமா?

மெல்லிய தகரத்துக்கு மிக் (MIG, கம்பி தானாக வந்து உருகும் வகை) வெல்டிங்தான் பொருத்தம்: 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த காஸ். கோடாக இழுக்காமல், தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு நிரப்ப வேண்டும். இல்லையென்றால் தகடு நெளியும் அல்லது புதிய ஓட்டை விழும். பழைய தகரத் துண்டுகளில் பழகலாம். நேராகக் காரில் பழகாதீர்கள்.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் வெல்டிங். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அதனால் அந்த வகைக் கிளீனரை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். கம்பளம், நுரை, ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாட்டரி இணைப்பைக் கழற்றி, தீயணைப்பானைக் கையருகில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய பகுதிக்குள் விழுந்த பொறி கொஞ்ச நேரம் கழித்தும் பற்றும். வேலை முடிந்ததும் கதவை மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். தீப்பற்றினால் 995.

ஹைப்ரிட் காராக இருந்தால்?

தரையடியில் ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடும். அது உயர் மின்னழுத்தம். வெளித்தகட்டில் ஒட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாதீர்கள்.

மலேசியாவின் ஜோகூருக்குக் கொண்டுபோனால் மலிவாக முடியுமே?

முடியும். எலும்புப் பகுதி வேலைக்கு நல்ல வெல்டிங் ஆள் தெரிந்திருந்தால் போகலாம். ஆனால் “பாடி வேலை” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். துருவை வெட்டியபின் ஒரு படம், புதுத் தகடு வைத்தபின் ஒரு படம், ப்ரைமர் அடித்தபின் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பெயிண்ட் அடித்துவிட்டால் உள்ளே இருப்பது தகடா பட்டியா என்று கண்ணால் சொல்ல முடியாது. இன்னொரு விஷயம்: சிங்கப்பூர்க் கார் எல்லையைத் தாண்ட டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். பின்பக்கத் தரையிலோ பின்சக்கரப் பகுதியிலோ வெல்டிங் என்றால் டாங்க் நிறைந்த நிலையில்தான் வண்டி பட்டறைக்குப் போய்ச் சேருகிறது. டாங்கைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிஓஇ இன்னும் இரண்டு ஆண்டுதான். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேலையின் தரத்தை மீதியுள்ள காலத்தோடு பொருத்திப் பார்ப்பது நியாயம்தான். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ-யை மறுபடி நீட்டிக்க முடியாது. பத்தாண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் கூடி 50 விழுக்காடு கூடுதல்வரை போகும். இரண்டு ஆண்டில் கழிக்கப்போகும் காரின் மட்கார்டில் நிறம் சேர்ந்ததா என்று கவலைப்பட வேண்டாம். துருவை வெட்டி, துண்டை ஒட்டி, ப்ரைமரும் ஒரு கோட் பெயிண்ட்டும் போதும். பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தவர்கள் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதையோ பகுதியையே மாற்றுவதையோ யோசிக்கலாம்.

எலும்புப் பகுதிக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு ஆண்டில் கழிக்கப்போகும் காரிலும் உங்கள் பிள்ளைகள் இன்றைக்கு உட்கார்ந்து போகிறார்கள். பத்தாண்டைத் தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் தேறிவிடும் அளவுக்கு மூடி மறைத்தால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மிச்சமான தின்னர், எப்பாக்சியை என்ன செய்வது?

சாக்கடையிலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றக்கூடாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாய் நீர் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மிச்ச எப்பாக்சியையும் பட்டியையும் முழுக்க இறுகவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள். தின்னரை மூடிய டின்னில் வைத்துப் பட்டறைக்காரரிடம் கொடுத்தால் அவர்களுடைய கழிவோடு சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

அடைத்த இடத்தில் ஆறு மாதத்தில் மறுபடி கொப்பளம். ஏன்?

கொப்பளம் எங்கே என்று பாருங்கள். ஒட்டின் ஓரத்தைச் சுற்றி வளையமாக வந்தால், துரு மிச்சம் இருக்கும்போதே வெட்டுவதை நிறுத்தியிருக்கிறீர்கள். துண்டை எடுத்துவிட்டு இன்னும் அகலமாக வெட்ட வேண்டும். நடுவில் சிறு சிறு கொப்பளமாக வந்தால் ஈரமான பட்டியின் மேலேயோ துடைக்காத பரப்பின் மேலேயோ பெயிண்ட் ஏறியிருக்கிறது. அப்படியானால் தகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டிவரை தேய்த்து எடுத்து, நன்றாக உலரவிட்டு, ப்ரைமரிலிருந்து தொடங்கலாம். ஒட்டு அப்படியே இருக்க, அதற்குக் கீழே புதிதாகக் கொப்பளித்தால் உள்ளே நீர் நிற்கிறது. உள்மூடியைக் கழற்றி, மேலிருந்து ஒரு குவளை நீர் ஊற்றி, அது எந்தத் துளை வழியாக வெளியே வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். வரவில்லை என்றால் முதலில் அந்தத் துளையைத் தேடித் திறந்துவிட்டு, உள்ளே முழுக்க உலர்ந்தபிறகு உப்புத்தாளை எடுங்கள்.